'ஓ.டி.' சம்பளம் சரியாகக் கிடைக்கிறதா? கணக்குப் போடுவது எப்படி?

மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் மொத்தத் தொகையைத்தான் முதலில் பார்க்கிறோம். 'ஓ.டி.' எனும் கூடுதல் நேர ஊதியம் சரிதானா என்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

சிங்கப்பூரில் அதற்கான விதிகள் வேலை நியமனச் சட்டத்தில் இருக்கின்றன.

யாருக்கு உண்டு?

- மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மிகாத உடலுழைப்பு ஊழியர்கள்
- 2,600 வெள்ளிக்கு மிகாத மற்ற ஊழியர்கள்

மேலாளர்களும் நிர்வாகிகளும் இல்லப் பணிப்பெண்களும் இதில் சேரமாட்டார்கள். ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற இடங்களில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இதே விதிதான்.

எவ்வளவு கிடைக்கவேண்டும்?

ஒரு மணி நேர அடிப்படைச் சம்பளத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு.

மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 2,288ஆல் (52 வாரம் x 44 மணி நேரம்) வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் வரும்.

அடிப்படைச் சம்பளம் 2,000 வெள்ளி என்றால் மணிக்குச் சுமார் 10.49 வெள்ளி. ஓ.டி. மணிக்குச் சுமார் 15.73 வெள்ளி. மாதம் 20 மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தால் ஏறத்தாழ 315 வெள்ளி.

எதைக் கவனிக்கவேண்டும்?

"மாசம் 2,000 வெள்ளி தர்றோம்" என்று சொன்னால் அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். படித்தொகைகள் ஓ.டி. கணக்கில் சேராது.

அடிப்படை 1,200 வெள்ளி, படித்தொகை 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் அதே 2,000தான். ஆனால் ஓ.டி. மணிக்குச் சுமார் 9.44 வெள்ளியாகக் குறைந்துவிடும். அதே 20 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 189 வெள்ளிதான். 126 வெள்ளி வித்தியாசம்!

வேலையில் சேர்வதற்கு முன்பே ஒப்பந்தத்தில் அந்த வரியைப் பார்ப்பது நல்லது.

பகுதிநேர ஊழியர்களுக்கு?

வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர்கள் பகுதிநேர ஊழியர்கள். ஒப்பந்த நேரத்தைத் தாண்டினால் முதலில் வழக்கமான மணிச் சம்பளம்தான். அதே வேலையைச் செய்யும் முழுநேர ஊழியரின் வேலை நேரத்தையும் தாண்டிய பிறகே ஒன்றரை மடங்கு.

எவ்வளவு நேரம் செய்யலாம்?

பொதுவாக மாதத்துக்கு 72 மணி நேரம்வரை. ஓ.டி.யையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

பணம் எப்போது வரவேண்டும்?

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓ.டி. பணம். எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை என்பது சம்பளச் சீட்டில் இருக்கவேண்டும்.

கிடைக்காவிட்டால்?

சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் கோரிக்கை வைக்கலாம். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள். வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள்.

தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று கைப்பேசியில் குறித்துவையுங்கள். கணக்கில் பிரச்சினை வந்தால் அது கைகொடுக்கும்.