கழிவுநீரிலிருந்து மின்சாரம்: கணக்கில் வராத உயிர்கள்

நகரக் கழிவுநீரிலிருந்து மின்சாரம் எடுப்பது புதிய தொழில்நுட்பமன்று. சுத்திகரிப்பின்போது அடியில் தங்கும் கசடு, காற்றுப்புகாத செரிப்புக்கலனில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில வாரங்கள் வைக்கப்படுகிறது. நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கையில் உயிர்வாயு உண்டாகிறது. அதில் சுமார் 60 விழுக்காடு மீத்தேன். நச்சான ஹைட்ரஜன் சல்பைடை நீக்கிய பின் அவ்வாயு எஞ்சினை இயக்குகிறது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் இவ்வாறு மின்சாரம் உற்பத்தியாகிறது.

கலனுக்குள் ஆற்றலாகும் இதே வாயுக்கள்தாம், பாதாளச் சாக்கடையில் இறங்குபவரின் உயிரைப் பறிக்கின்றன. இறப்போரில் பெரும்பாலோர் தலித்துகள்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையையும் மலக்குழியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளமர்த்துவதைத் தடை செய்கிறது. 33ஆம் பிரிவு, அப்பணிக்கு நவீனக் கருவிகளைப் பயன்படுத்துவதை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்குகிறது. 2023 அக்டோபர் 20 அன்று, பல்ராம் சிங் வழக்கில், சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

பசுமை ஆற்றலை நாம் எதிர்க்கவில்லை. கலனுக்குள் வாயுவை அளக்கக் கருவி உண்டு. தெருவிலுள்ள ஆள்நுழைவுக் குழிக்கு மட்டும் ஏன் இல்லை என்றே கேட்கிறோம். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை முதலில் அடைப்பகற்றும் இயந்திரங்களுக்கும், தொழிலாளரின் பணி நிரந்தரத்துக்கும் செல்ல வேண்டும். மிச்சமான தொகை, வாங்கிய இயந்திரங்கள், நேர்ந்த மரணங்கள் ஆகிய மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு நகரிலும் கேட்போம்.