மலைநாட்டுப் புகையிரதமும் தந்திக் கம்பியும்

மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களைக் கொழும்புத் துறைமுகத்தோடு பிணைத்தது ஓர் ஒற்றைப் பாதை. 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த இருப்புப்பாதை, 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. கோப்பிக்காக வேண்டப்பட்ட பாதை அது. அது மலையேறி வந்தபொழுது கோப்பி நோயால் அழிந்துகொண்டிருந்தது. தேயிலையே அதன் சுமையாயிற்று. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம். அப்பால் வளைவின்மேல் வளைவு. 44 அடிக்கு ஓரடி ஏற்றம். எதிர்வரும் வண்டியைக் கண்ணாற் கண்டு நிறுத்துதல் இங்கு ஆகாத காரியம்.

தந்தி இருந்ததே எனலாம். ஆயின், தந்தி செய்தியைக் கொண்டுசெல்லுமேயன்றி வண்டியைத் தடுக்கமாட்டாது. 1874 செப்டெம்பரில், இங்கிலாந்தின் நோர்விச் நகருக்கு அயலிலுள்ள தோர்ப்பில், கையொப்பம் இடப்படாத ஒரு செய்தி தந்தியிற் சென்றுவிட்டது. அதனை மீட்க முயன்றபொழுது, 'தபால் வண்டி புறப்பட்டுவிட்டது' என்ற மறுமொழியே வந்தது. ஒரே பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதிப் பலர் மாண்டனர்.

இவ்விபத்தின் பின், 1878இல் எட்வேட் ரயர் என்பார் ஒரு கருவியை அமைத்து உரிமை பெற்றார். மலைநாட்டுப் பாதையில் இன்றும் வழங்குவது அம்முறையே. அடுத்தடுத்த இரு நிலையங்களில் ஒவ்வொரு பெட்டி. இரண்டையும் இணைப்பது ஒரு கம்பி. பெட்டியினுள் 'ரப்லெற்' எனப்படும் உலோக வில்லைகள் உள. ஒரு நிலைய அதிபர் தாமாக வில்லையை எடுத்தல் இயலாது. மறுநிலையத்தார் மின்னோட்டம் அனுப்பி இசைந்தாலன்றிப் பூட்டு நெகிழாது. ஒரு வில்லை வெளிவந்ததும் இரு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அது திரும்ப இடப்படும்வரை வேறொன்று வெளிவராது. வில்லையின்றிச் சாரதி வண்டியைச் செலுத்தலாகாது. ஆக, செய்தியும் பூட்டும் ஒன்றாயின. ரயரின் நுட்பம் இதுவே.

மாரிக்காலத்தில் மண் சரிந்து கம்பி அறுந்தால் என்னாகும்? மின்னோட்டம் இல்லை, ஆகவே வில்லையும் வெளிவராது, வண்டி நிலையத்திலேயே நிற்கும். தாமதம் நேருமேயன்றி மோதல் நேராது. கணினி வலையமைப்பால் இயந்திரங்களை ஆளும் இக்காலத் தொழிற்சாலைப் பொறியியலாளரும், தொடர்பு அறுந்தால் இயந்திரம் எந்நிலையில் நிற்றல் வேண்டும் என்பதை முதற்கண் தீர்மானிக்கின்றனர்.

தோட்டங்களின் சரித்திரம் எழுதுவோர் துரைமாரின் பெயர்களை நிரைநிரையாகக் கூறுவர். இப்பெட்டியைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். தலவாக்கலை மேடையிற் சற்று நின்று பார்ப்பவர், வளையத்திற் கோத்த பையொன்று சாரதியிடமிருந்து நிலைய ஊழியரின் கைக்கு மாறுவதைக் காணலாம். வட்டகொடைக்குச் செல்லும் வண்டிக்கு அடுத்த வில்லை கொடுக்கப்படுகின்றது. உள்ளே மணி ஒலிக்கின்றது.