பெயரிலேயே கணக்கு

"மணி அஞ்சே முக்கால் ஆச்சு" என்று வீட்டில் தயங்காமல் சொல்கிறோம். அதே பின்னம் கணக்குப் புத்தகத்தில் வந்தால் மட்டும் பயப்படுவானேன்?

நம் முன்னோர் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி இவற்றை மனப்பாடம் செய்தார்கள்.

அந்தப் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். காலில் அரை, அரைக்கால், அதாவது 1/8. இது பெருக்கல். மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. ஒரு மா 4/80, அதோடு 1/80 சேர்த்தால் 5/80, சுருக்கினால் 1/16. மாகாணியின் மதிப்பும் அதுதான்! இது கூட்டல். சரி, காலும் மாவும் சேர்ந்தால் எவ்வளவு? காலுக்கு அஞ்சு மா. ஆக மொத்தம் ஆறு மா, அதாவது 6/20. "பகுதியைச் சமமாக்கிக் கூட்டு" என்று இன்று ஆசிரியர் சொல்வதும் இதைத்தான்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கல்ல. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஊர்நத்தம், வாய்க்கால், சுடுகாடு போன்ற வரியில்லா நிலங்களைக் கழித்துவிட்டு, மிச்ச நிலத்தை முந்திரிக்கும் கீழான பின்னம் வரை கணக்கிட்டுப் பொறித்திருக்கிறார்கள். கணக்குப் பிசகினால் உழுகிறவன் தலையில் அல்லவா கூடுதல் வரி விழும்!

இன்று நம் பேச்சில் பெரும்பாலும் கால், அரை, முக்கால் மட்டுமே மிஞ்சியுள்ளன. மற்றவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். பின்னம் அந்நியச் சரக்கல்ல. நம் வீட்டுச் சொத்து!