கிணற்றில் தெரிந்த சிங்கம்

கீழ்புத்துப்பட்டிலிருந்து வடக்கே மரக்காணம் செல்லும் வழியில் உப்பளப் பாத்திகள் காலை வெயிலில் கண்ணாடியாய்க் கிடந்தன. பவளக்கால் உள்ளான் ஒன்று, நீரில் தெரிந்த தன் நிழலின் மீதே நின்று கொத்திக்கொண்டிருந்தது. இரையைக் கொத்திற்றா, நிழலை வேறொரு பறவையென எண்ணிக் கொத்திற்றா? நெடுநேரம் நோக்கியும் நமக்குத் துணிய முடியவில்லை.

மதரஸாவில் ஓதிய நாளில் படித்த 'கலீலா வ திம்னா' நினைவுக்கு வந்தது. நம் நாட்டுப் பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பஹ்லவி மொழிக்குச் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பாரால் அரபு உருக்கொண்ட நூல் அது. அதில், கிணற்று நீரில் தெரிவது தானே என்றறியாத சிங்கம் பாய்ந்து மடிகிறது. அழைத்துச் சென்ற முயலோ அந்நிழல் யாருடையது என்பதை நன்கறியும்! அறியாமை, அறிவு இரண்டையும் விலங்குக்கே தந்துவிட்டான் கதை சொன்னவன்.

அக்கிணற்றையே 1970-இல் அமெரிக்க அறிஞர் கார்டன் கேலப் சோதனைக்கூடத்தில் வைத்தார் எனலாம். சிம்பன்சிகளை மயக்கி, முகத்தில் சாயப் பொட்டிட்டு, விழித்தபின் கண்ணாடி காட்டினார். அவை கண்ணாடியைத் தொடவில்லை. தம் முகத்துப் பொட்டையே தடவிப் பார்த்தன. 2006-இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் 'ஹாப்பி' என்னும் ஆசிய யானையும் தன் தலையிலிட்ட குறியைத் துதிக்கையால் தொட்டது. தமிழ் கற்றோர் இதற்கு வியவார். ஆறாவதாகிய மனம் மக்களுக்குரியது என்ற தொல்காப்பிய மரபியலே, விலங்கினுள் ஒரு சாரனவற்றுக்கும் அஃதுண்டு என்கிறது. அவ்விடத்தில் உரைகாரர் இளம்பூரணர் யானையையும் குரங்கையும் கிளியையும் எண்ணுகிறார்.

ஆனால் நாய் கண்ணாடியில் தோற்கிறது. ஆதலின் அதற்குத் 'தான்' என்பதே இல்லையென்று சிலர் முடித்துவிட்டனர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. நாயின் உலகம் மூக்கில் அன்றோ இருக்கிறது! 2017-இல் அலெக்சாண்டிரா ஹாரோவிட்ஸ், நாய்களுக்கு அவற்றின் சிறுநீரையே மோப்பம் காட்டினார். தன் மணத்தில் வேற்று மணம் கலந்திருந்தபோது அவை நெடிது நின்று முகர்ந்தன. இதனால் மட்டும் வழக்குத் தீர்ந்துவிடவில்லை. எனினும் கண்ணாடி ஒன்றே அளவுகோல் என்ற உறுதி ஆட்டங்கண்டது.

இப்னு சீனா (980–1037) கண்ணாடியைத் தேடவில்லை. ஓநாயைக் கண்ட ஆடு அதன் நிறத்தையும் வடிவத்தையும் மட்டுமா காண்கிறது? கண்ணுக்குப் புலனாகாத பகைமையையும் உணர்ந்து ஓடுகிறது. அவ்வுணர்வின் ஆற்றலுக்கு அவர் 'வஹ்மு' என்று பெயரிட்டார். அவர் அங்கே நிறுத்தினாலும் நாம் ஒன்று கேட்கிறோம்: அந்தப் பகைமை யார்மீது என்று அந்த ஆட்டுக்குத் தெரியாதா?