கச்சை கழற்றிய முதுகு

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியான வீட்டுப் பெண் நேராகத்தான் நின்றாள். அவளைத் தாங்கியது திமிங்கலத்தின் வாய்த்தகடு வைத்துத் தைத்த இறுக்குக்கச்சை. கச்சை தாங்கத் தாங்க, முதுகுத் தசை தன் வேலையை மறந்தது.

ஸ்வீடனில் இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. 1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் தொடங்கிய நிலையத்தில் எளிய மரச்சாதனங்களும் ஆசிரியரின் கையுமே போதுமானவை. குஸ்டாவ் சாண்டர், தன் சகோதரி நடத்திய பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி கற்பித்தவர். அத்தனை மாணவிகளுக்கும் தன் இரு கைகள் போதாமல், நெம்புகோலும் எடையும் கொண்ட இயந்திரங்களை வடிவமைத்தார். 1865இல் அவரது நிலையம் திறந்தது. முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கெனத் தனி இயந்திரம் இருந்தது. எடையை அளந்து கூட்டலாம். அந்த இயந்திரங்கள் பணக்காரர்களின் சுகவாச நகரங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

லிங் முறையைப் பெண்கள் எடுத்துச் சென்றார்கள். ஸ்டாக்ஹோமில் அதைக் கற்ற மார்ட்டினா பெர்க்மன் 1881இல் லண்டன் பள்ளி வாரியத்தில் பொறுப்பேற்று, ஆசிரியைகளுக்குப் பயிற்றுவித்தார். 1885இல் ஹாம்ப்ஸ்டெட்டில் பெண்களுக்கான கல்லூரி தொடங்கினார். இனத்தின் முன்னேற்றத்துக்காகப் பெண்ணுடல் வலுப்பெற வேண்டும் என்ற அக்காலப் பேச்சு அவரிடமும் இருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கு படித்தவள் உடற்பயிற்சி ஆசிரியையாக வெளியே வந்தாள். கச்சையில்லாமல் நிற்க முதுகு வேண்டும். தனித்து நிற்கச் சம்பளம் வேண்டும். அவளுக்கு இரண்டும் கிடைத்தன.