விண்மீனுக்கு வயதுண்டு

மணவூர் ரயில் நிலையத்தின் நடைமேடையில் நின்றால் எங்கள் பகுதியின் வானம் இரண்டு ஊர்களாகப் பிரிந்து கிடப்பதாகத் தோன்றும். வடமேற்கே திருத்தணி. ஆடிக் கிருத்திகையன்று ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் புஷ்பக் காவடிகள் வந்து மலையேறும். அரக்கோணம் செல்லும் வழியில் அடுத்த நிலையமே திருவாலங்காடு. அங்கே மார்கழித் திருவாதிரையில் இரத்தின சபையில் ஆருத்ரா தரிசனம். பிள்ளைக்குக் கார்த்திகை, தந்தைக்கு ஆதிரை. சிறுவயதில் இவை இரண்டும் எனக்குக் காலண்டரில் அச்சிட்ட நாள்களாகவே இருந்தன. வானத்தில் விரல் நீட்டிக் காட்டத்தக்க பொருள்கள் அவை என்பதை, கல்லூரியில் பரிபாடலின் செவ்வேள் பாடலை நடத்தத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த ஆறு பெண்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டதுதான் காரணம்.

அன்றிரவு மொட்டைமாடியில் தேடிக் கண்டேன். கார்த்திகை, நீலவெண்மையில் ஒரு சிறு கொத்து. வானியலார் கணக்கில் அக்கூட்டத்துக்கு வயது சுமார் பத்துக் கோடி ஆண்டுகள். நம் சூரியனுக்கு ஏறத்தாழ 460 கோடி என்னும்போது அது தொட்டிற் பருவம்தான். முருகனை வளர்த்த தாயர் தாமே குழந்தைகளாக இருக்கிறார்கள். திருவாதிரையோ சிவந்து பருத்து, எரிபொருள் தீரும் தறுவாயில் இருக்கும் கிழ விண்மீன். இன்னும் ஓரிலட்சம் ஆண்டுக்குள் வெடித்து அழியும் என்கிறார்கள். ஊழிக்கூத்தாடும் ஆதிரையானுக்குப் பொருத்தமான மீன் என்று மகிழ்ந்துபோனேன். பிறகுதான் ஒரு செய்தி படித்துத் திகைத்தேன். ஆதிரையின் வயது சுமார் ஒரு கோடி ஆண்டுதான். கார்த்திகையைவிடப் பத்தில் ஒரு பங்கு! இளையது கிழமாகியிருக்கிறது, மூத்தது இன்னும் குழந்தை.

இதில் முரண் ஏதுமில்லை. விண்மீன்கள் யாவும் பெரும் வாயு முகில்கள் தம் எடையாலேயே உள்நோக்கிச் சரிந்து, நடுப்பகுதி வெந்து, ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்கும்போது பிறக்கின்றன. எடை மிகுந்தால் சரிவின் அழுத்தம் மிகும். அடுப்பும் வேகமாக எரியும். சூரியனைப்போல் பதினைந்து மடங்கு கனமானது, கையிருப்பைச் சுமார் ஒரு கோடி ஆண்டில் தின்றுவிடும். சூரியன் போன்ற சிக்கனக்காரன் ஆயிரம் கோடி ஆண்டு வாழ்வான். ஆகவே விண்மீனின் முதுமை ஆண்டுக்கணக்கில் இல்லை, எடைக்கணக்கில் இருக்கிறது.

ஆனால் இதை எவர், எப்படிக் கண்டறிந்தார்? எந்த மனிதனும் ஒரு விண்மீன் மூப்பதைக் கண்டதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹெர்ஷல் இதற்கு ஒரு வழி சொன்னார். தோட்டத்தில் ஒரு செடி முளைத்துப் பூத்து உதிர்வதைக் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. முளை, தளிர், பூ, சருகு எல்லாம் ஒரே வேளையில் கிடக்கின்றன, வரிசைப்படுத்தினால் போதும். அவ்வரிசையில் ஒரு செடியை அடையாளம் காட்டியவர் சென்னைக்காரர் ஒருவர். அவர் பெயர் நம் இலக்கிய வரலாறுகளிலும் அறிவியல் வரலாறுகளிலும் அனேகமாக இல்லை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகம் கட்டியது. அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்துண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும், கணிதக் கலைகள் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை அறிவதற்காக என்னும் பொருளில் அமைந்த வாசகம் அது. ஆரியபட்டரும் பாஸ்கரரும் பிறந்த நாட்டில் இதைக் கல்லில் வெட்டிவைக்கும் துணிவு கம்பெனிக்கு இருந்திருக்கிறது. அதைத் தமிழில் வெட்டிய கல்தச்சன் என்ன நினைத்திருப்பான் என்று அவ்வப்போது எண்ணிக்கொள்வேன்.

1861-இல் அந்த ஆய்வகத்துக்குத் தலைவராக வந்தவர் நார்மன் போக்சன். ஒளித்தரத்தில் ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று 1856-இல் அவர் வகுத்த அளவுகோலை வானியலார் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவரிடம் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. கண்ணால் கண்ட வானத்தைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர். 1874-ஆம் ஆண்டு வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்கள் அறியும்படி ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் நூல் வெளியிட்டார். 1880 பிப்ரவரியில் மறைந்தார்.

1867-இல் அவர் தென்வானில் சிறுவலை எனப் பொருள்படும் ரெட்டிக்குலம் குழுவில் ஒரு மீன் மங்கியும் பிரகாசித்தும் மாறுவதைக் கண்டார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிக்குலி. இலண்டன் வானாய்வகங்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழே. நம் ஊரில் தெற்கே கையெட்டும் உயரத்தில் தெரியும் பகுதி. அதன் ஏற்ற இறக்கம் சுமார் 280 நாளுக்கு ஒருமுறை நிகழ்கிறது. ஏன் அப்படி என்று அவருக்கோ போக்சனுக்கோ அன்று தெரிய வழியில்லை. இன்று தெரியும். சூரியன் அளவு எடையுள்ள ஒரு மீன் தன் ஹைட்ரஜனையும் பெரும்பாலும் ஹீலியத்தையும் தீர்த்துவிட்டு, செம்பெருமீனாக வீங்கி, மூச்சுத் திணறும் கிழவனைப்போல் விரிந்தும் சுருங்கியும் கடைசிக் காலத்தைக் கழிக்கிறது. ஒரு விண்மீனின் இறுதி நோயை ரகுநாதாச்சாரி நாடி பிடித்துப் பார்த்திருக்கிறார், அது நோய் என்று அறியாமலே. 1872-இல் அவர் இலண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். இக்கழகத்தை நினைவில் வைத்திருக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கதையில் அது மீண்டும் வருகிறது.

இடையில் ஒரு கிரகணம். 1868 ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் நம் எல்லைக்கு வடக்கே ஆந்திர நிலத்தின் குறுக்கே ஓடியது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் போக்சன், வனபர்த்தியில் ரகுநாதாச்சாரி. சூரியப் பிழம்பின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு அன்று கண்ணில் பட்டது. அது பூமியில் எவரும் அறியாத ஒரு தனிமத்தின் கையொப்பம் என்று லாக்யர் பின்னர் துணிந்தார். சூரியனின் கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் எனப்பட்டது. பூமியில் அது அகப்பட்டது 1895-இல்தான். விண்மீனின் அடுப்பில் சேரும் சாம்பலை, அது சாம்பல் என்று அறியுமுன்பே கண்டார்கள் என்று சொல்ல வேண்டும். 1920-இல் மேகநாத சாகா கொல்கத்தாவிலிருந்து நிறமாலைக் கோடுகளைப் படிக்கும் திறவுகோலைத் தந்தார். அதைக் கொண்டு 1925-இல் செசிலியா பேய்ன் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனே என்று காட்டினார். எரிபொருள் எது என்பது இவ்வாறு தெளிந்தது. எரிந்து முடிந்தபின் என்ன ஆகும்?

1930 ஜூலை 31. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் பில்ஸ்னா என்னும் கப்பலில் ஏறினார். இரண்டாண்டுக்கு முன் சென்னைக்கு வந்திருந்த சோமர்ஃபெல்டைச் சந்தித்துப் புதிய குவாண்டம் இயற்பியலைத் தெரிந்துகொண்டிருந்தார். அணைந்த விண்மீன் பூமியளவுக்குச் சுருங்கி வெண்குறுமீனாகும். அதில் ஒரு தீப்பெட்டியளவு பல டன் எடை இருக்கும். எலெக்ட்ரான்களின் எதிர்ப்பே அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று கேம்பிரிட்ஜில் ஆர். எச். ஃபௌலர் எழுதியிருந்தார். கப்பலில் சந்திரசேகர் அக்கணக்கில் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கும்போது அந்தத் தாங்குதிறன் போதாமற் போகிறது. ஒரு வரம்புக்கு மேல் எடையிருந்தால் விண்மீனால் வெண்குறுமீனாக நின்றுகொள்ள முடியாது, சரிந்துகொண்டே போகும். அவ்வரம்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்றைய கணக்கு.

1935 ஜனவரி 11-இல் அதே ராயல் வானியல் கழகத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேசியவர் அன்றைய வானியலின் பேரறிஞர் எடிங்டன். அதற்கு முந்தைய மாதங்களில் சந்திரசேகரைச் சந்தித்துக் கணக்கின் நிலையைக் கேட்டறிந்தவர், தாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை மட்டும் வெளியிடவில்லை. விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை இடங்கொடாது என்று ஏளனமாகச் சொல்லி முடித்தார். அவையோர் சிரித்தனர். கணக்கைப் பிழை என்று காட்ட அவரால் முடியவில்லை. காட்ட வேண்டிய தேவையும் அன்று எழவில்லை, பெயரே போதுமாயிருந்தது. தமிழாய்வு அரங்குகளில் இத்தகைய சிரிப்பை நானும் கேட்டிருக்கிறேன். சந்திரசேகர் 1939-இல் தம் நூலை எழுதி வெளியிட்டுவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். நோபல் பரிசு 1983-இல் வந்தது. உடன் பெற்றவரின் பெயரும் ஃபௌலர், ஆனால் வேறொருவர். நியூட்ரான் விண்மீனும் கருந்துளையும் அதற்குள் வானியலின் அன்றாடச் சொற்களாகிவிட்டன.

இவ்விரு சென்னைக்காரரும் ஒருவரையொருவர் அறியார். முதல்வர் மறைந்து முப்பதாண்டு கழித்தே இரண்டாமவர் பிறந்தார். ஆனால் ரகுநாதாச்சாரி கண்ட மீன் தன் மேலடுக்குகளையெல்லாம் உதறிவிட்டு, எஞ்சிய உள்ளீடு வெண்குறுமீனாக அடங்கும். அது அடங்குவதற்கு அனுமதி தருவது சந்திரசேகர் வரம்பு. திருவாதிரைக்கு அந்த அனுமதி இல்லை.

2019-இன் இறுதியில் ஆதிரை திடீரென மங்கத் தொடங்கியது. 2020 ஜனவரி 10 ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தைய இரவுகளில் நான் மாடியில் நின்று அதை ரோகிணியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வழக்கமாக அதைவிடப் பிரகாசிப்பது, அப்போது ரோகிணிக்குக் கீழே இறங்கியிருந்தது. இறந்துவிட்டதோ என்று உலகமே பேசிற்று. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததே காரணம் என்று பின்னர் விளக்கினார்கள். பக்கத்து மீனோடு ஒப்பிட்டு ஒளியை மதிப்பிடும் இவ்வழக்கம் போக்சன், ரகுநாதாச்சாரி காலத்தது, இன்றுவரை மாறவில்லை.

தை மாதத்து முன்னிரவில் ஆர் ரெட்டிக்குலியும் தெற்கே ஏறி நிற்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாது. மாணவர் ஒருவரிடம் பைனாகுலர் வாங்கிக்கொண்டு தேடினேன். அது மங்கியிருக்கும் மாதம் போலும், அல்லது நிலையத்து விளக்குகள் மிகுந்துவிட்டன. கிடைக்கவில்லை. பைனாகுலரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.