பெர்மிட்டில் இல்லாத பெயர்: வன்னியில் பெண்ணும் காணியும் காலநிலையும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. முல்லைத்தீவு மாவட்டத்தின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் ஆகிய ஊர்களின் மக்கள் அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே புறப்பட்டுவிட்டார்கள். அவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எனக்கு அப்போது ஒன்பது வயது.

இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. நான் இங்கே எழுத விரும்புவது, உம்மா உடுப்புப் பையின் அடியில் மடித்து வைத்துக்கொண்டு வந்த ஒரு கடதாசியைப் பற்றி. அது எங்கள் வயலின் பெர்மிட். அதில் வாப்பாவின் பெயர் இருந்தது. உம்மாவின் பெயர் இல்லை. இப்போது வன்னியில் பெண் சமத்துவம் பற்றியும் காலநிலை மாற்றம் பற்றியும் சமூகக் கல்வி வகுப்புகள் நடக்கின்றன. அவற்றில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடதாசிதான் நினைவுக்கு வருகிறது.

1935இன் சட்டம்

வன்னியின் வயல்களில் பெரும் பகுதி அரச காணி. டி.எஸ். சேனாநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்தபோது, 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. வரண்ட வலயத்தில் குளங்களைத் திருத்தி, காடு வெட்டி, விவசாயிகளைக் குடியேற்றுவதற்கான சட்டம் அது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் என்று குளத்துக்குக் கீழே குடியேற்றங்கள் வளர்ந்தன. பெர்மிட் 'குடும்பத் தலைவர்' பெயரில் கொடுக்கப்பட்டது. தலைவர் என்றால் ஆண் என்பதை யாரும் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை.

வாரிசு பற்றி மட்டும் தெளிவாகவே எழுதி வைத்தார்கள். காணியைத் துண்டு போடக்கூடாது. ஒருவருக்கே போக வேண்டும். பெர்மிட்காரர் வாரிசைக் குறிப்பிடாமல் இறந்தால் மனைவி தன் ஆயுட்காலம் வரை அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் போகும். அதற்குப் பிறகு மூன்றாம் அட்டவணையின் வரிசை: முதலில் மகன்மார், பிறகுதான் மகள்மார். மகள் மூத்தவளாக இருந்தாலும் இளைய மகனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

சூறா அன்னிஸா பெண்ணுக்கு வாரிசுப் பங்கை உறுதி செய்து 14 நூற்றாண்டுகள் ஆகின்றன. பங்கின் அளவு பற்றி நம்மிடையே விவாதம் உண்டு. பங்கு உண்டு என்பதில் விவாதமில்லை. பெர்மிட் காணியில் அந்தப் பங்கே இல்லாமல் போயிற்று. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றி நாம் தலைமுறை தலைமுறையாக வாதாடி வருகிறோம். 1935ஆம் ஆண்டின் சட்டத்தைப் பற்றி ஒரு குத்பாவில்கூட நான் கேட்டதில்லை.

காடாகிப் போன காணி

வாப்பா புத்தளத்து முகாமிலேயே மௌத்தாகிவிட்டார். யுத்தம் முடிந்து, 2010இல் உம்மா, ராத்தா, நான் மூவரும் காணி பார்க்கப் போனோம். இருபது வருடக் காடு. எல்லை எது என்று எனக்கு விளங்கவில்லை. உம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அந்தப் பாலை மரத்துக்குக் கிழக்கால பாருங்க, கிணறு இருக்கும்" என்றார். பற்றையை வெட்டினோம், கிணற்றுக்கட்டு இருந்தது. வாப்பா வயலை உழுதவர். எந்த மாசத்தில் எந்தக் கிணறு வற்றும், எது உவர்க்கும் என்பது தண்ணி அள்ளிய உம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது.

காடு பற்றிய கேள்வி எங்களோடு முடியவில்லை. மன்னாரின் முசலிப் பகுதியில், மறிச்சுக்கட்டியை ஒட்டிய நிலங்கள் 2012இல் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்கள் அவை தங்கள் பழைய ஊர்கள் என்றார்கள். சூழலியல் அமைப்புகள் வில்பத்து அழிகிறது என்றன. வில்பத்துவுக்கு வடக்கே காட்டை வெட்டிக் குடியேற்றியது சட்டவிரோதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 'சுற்றாடல்' என்ற சொல் நம் பிள்ளைகளின் காதில் முதலில் ஒரு குற்றச்சாட்டாகத்தான் விழுந்தது. காலநிலைக் கல்வி நடத்துபவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் நம் ஊர்களுக்குள் வர வேண்டும்.

"காணிக்காரர் எங்க?"

உம்மா 2016இல் மௌத்தானார். சட்டப்படி காணி, கொழும்பில் வேலை செய்யும் தம்பிக்குப் போனது. வயலில் நின்றது ராத்தா. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தார்கள். ராத்தாவின் காலபோகப் பயிரும் தண்ணிக்குள் போனது. நட்டஈட்டுக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனார்.

"காணிக்காரர் எங்க?"

"தம்பி கொழும்பில. நான்தான் செய்யிறன்."

"அப்ப அவரை வரச் சொல்லுங்க."

எட்டு வருடம் அந்த மண்ணில் நின்றவருக்குக் கிடைத்த பதில் இதுதான். தம்பி நல்லவன், லீவு போட்டு வந்து கையெழுத்து வைத்தான். ஆனால் தம்பி நல்லவனாக இருப்பது ராத்தாவின் உரிமை ஆகாது. மழை பிழைத்தால் முதலில் அடிபடுவது பயிர் செய்பவர். நிவாரணம் போய்ச் சேருவதோ பெர்மிட்டில் பெயர் உள்ளவரிடம். வன்னியில் பெண் சமத்துவமும் காலநிலையும் ஒரே பாடமாவது இந்த இடத்தில்தான். யுத்தத்தில் கணவனை இழந்த தமிழ்ப் பெண்களுக்கும் இதே கதைதான். அவர்களும் இதே சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள்.

மன்னாரில் ஷிரீன் ஸரூர் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒன்றாக இருத்தி வேலை செய்தார். புத்தளத்தில் ஜுவைரியா முஹைதீன் இடம்பெயர்ந்த பெண்களோடு நின்றார். இத்தகைய பெண்கள் பல வருடங்களாகக் கேட்டு வந்த ஒன்று 2022இல் நடந்தது: காணி அபிவிருத்திச் சட்டம் திருத்தப்பட்டு, வாரிசு வரிசையில் ஆணுக்கிருந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. ஆனால் திருத்தம் வந்ததே நம் மஹல்லாக்களில் பலருக்குத் தெரியாது.

போன வருடம் எங்கள் ஊரில் மரநடுகை பற்றி ஒரு வகுப்பு. பின்வரிசையில் இருந்த ஒரு மூத்தம்மா எழும்பினார். "மரம் நடச் சொல்றீங்க, நடுறம். அது நிக்கிற காணி ஆருட பேர்ல இருக்கு எண்டும் சொல்லித் தாங்க" என்றார். அடுத்த வகுப்புக்கு எல்லோரையும் வீட்டிலுள்ள பெர்மிட்டைக் கொண்டுவரச் சொன்னோம். ஷொப்பிங் பைகளில், பழைய துணியில் சுற்றி, கரையான் அரித்தபடி கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றாக விரித்து, யாருடைய பெயர் இருக்கிறது, அடுத்த வாரிசு யார் என்று வாசித்தோம். ராத்தாவும் வந்திருந்தார். தம்பி காணியை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க எழுதிக் கொடுத்துவிட்டான். அலுவல் இன்னும் முடியவில்லை. அது முடிந்தால், உம்மா சுமந்து வந்த அந்தக் காணியின் கடதாசியில் முதல் தடவையாக ஒரு பெண்ணின் பெயர் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.